சுமை 72 கிலோ

முதலாளியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்த வாரம் தொழிற்சாலையில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. திங்கட்கிழமை ஜன்னல் மூலையில் ஒட்டடை தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வாட்ச்மேனின் சட்டையில் பொத்தான் இல்லாதது தெரிந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சோதனை அறைச் சுவரில் இரண்டு வருஷமாகத் தேமே என்று தொங்கிக்கொண்டிருந்த கிராஃப் தெரிந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற இடம். பெரிய கம்பெனிகளில் நாற்காலியைச் சோதிக்க இரும்புக் கை வைத்த இயந்திரம் இருக்கிறதாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. "உட்காரப்போறது மனுஷன். சோதிக்கறதும் மனுஷனாத்தான் இருக்கணும்" என்பது முதலாளியம்மாவின் கட்சி. அதனால் உட்காருவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, முன்கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பும்படி பின்னால் சாய வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் செய்து திட்டு வாங்கியதேதான். சாய்ந்து, முன்னால் வந்து, மறுபடி சாய்ந்து, பின்கால் 'டக்' என்று விடும்வரை விடக்கூடாது. ஒவ்வொரு சாய்வுக்கும் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஒரு அழுத்து. ஒரு நாளைக்கு ஐந்து நாற்காலி. எட்டு வருஷமாக இதைச் செய்துவரும் அந்த ஆளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிம்மாசனம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவன் எண்ணிய எண்களை வாங்கிச் சராசரி பார்த்து, புள்ளி வைத்து, கோடு இழுப்பது பக்கத்து மேஜைக்காரியின் வேலை. இருபத்தொன்பது வயதுதான். ஆனாலும் பாதி மரியாதைக்கும் பாதிக் குறும்புக்குமாக எல்லோரும் அவளைக் கிராஃபம்மா என்றே கூப்பிட்டார்கள். சிம்மாசனம் அவளுடைய புருஷன். இருபது மாதத்துக்கு முன்னால் கல்யாணம். பேசி முடித்து வைத்தது அவளுடைய அண்ணன். அவனும் இங்கேதான், பிளாஸ்டிக் குருணை கலக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளன். "நல்ல பையன் தங்கச்சி. எங்கயும் ஊர் சுத்த மாட்டான். உட்கார்ந்த இடத்துலயே இருப்பான்" என்று சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தான்.

இப்போது முதலாளியம்மா கிராஃபின் முன்னால் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்ன இது, கோடு மாடியிலேருந்து விழற மாதிரி வருது?"

"நாற்காலி எத்தனை சாய்வு தாங்குதுங்கற கிராஃபும்மா."

"ஏறுதா, இறங்குதா?"

முதலாளியம்மாவின் மொத்த விஞ்ஞானமும் இந்த ஒரு கேள்வியில் அடக்கம். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. போன வருஷம் உடைந்து திரும்பி வந்த நாற்காலிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தபோது, கோடு இறங்கியதைப் பார்த்து அனுப்பும் பிரிவையே நிற்க வைத்துத் திட்டியவர் அவர்.

"இறங்குதும்மா. நானூறுலேருந்து இருநூத்தி அறுபதுக்கு."

எண் யாருக்கு வேண்டும்? முதலாளியம்மாவின் விரல் கோட்டைப் பிடித்துக்கொண்டே கீழே வந்து, காகிதத்தின் அடி விளிம்பில் முட்டி நின்றது. "ஐயையோ, தரையைத் தொட்டுடுச்சே! அடுத்த மாசம் நம்ம நாற்காலி பூஜ்யமா?"

இங்கே கிராஃபம்மாவை இரண்டு வார்த்தை கேட்காமல் விட முடியாது. நிலை அச்சு என்று ஒன்று இருக்கிறதே, கீழிருந்து மேலே போகிற கோடு, அதை அவள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. இருநூற்று ஐம்பதில் ஆரம்பித்து நானூற்று இருபதில் முடித்திருந்தாள். ஏன் என்று கேட்டால், அப்போதுதான் கோடு காகிதம் முழுக்க நிறைந்து பார்க்க லட்சணமாக இருக்குமாம். பூஜ்யத்திலிருந்து போட்டால் கீழே பாதிக்கு மேல் வெறிச்சென்று கிடக்குமாம். லட்சணம் பார்த்த லட்சணம் இப்போது தலைக்கு மேல் வந்து நின்றது.

"அம்மா, அச்சு இருநூத்தம்பதுலேருந்துதான் ஆரம்பிக்குது. பூஜ்யம் இன்னும் ரொம்பக் கீழ..."

"அச்சு கிச்சுன்னு என்னைக் குழப்பாத. கலவைக்காரனைக் கூப்பிடு."

அண்ணன் கையெல்லாம் குருணைத் தூளோடு ஓடி வந்தான். நூறு கிலோவுக்குப் பத்து கிலோதான் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலக்க வேண்டும் என்பது விதி. பத்துக்கு மேல் போனால் நாற்காலி நொறுங்கும்.

"எவ்வளவு கலக்குற?"

"பத்துதாம்மா. ஒரு பிடி கூடக் கூட்டறதில்ல."

"நீ எவ்வளவு கூட்டினேன்னு யாரு பார்த்தா? மூட்டையை எண்ணறவனும் நீ, கலக்கறவனும் நீ. கோடு பொய் சொல்லுமா?" முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் அறைக்கு வா. சரியான காரணத்தோட வா. இல்லேன்னா கலவைப் பிரிவுச் சாவியை வச்சுட்டுப் போ."

அண்ணனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வருஷ வேலை. கலப்படம் செய்து வெளியே தள்ளப்பட்டவன் என்று பெயர் வந்தால் வேறெந்தத் தொழிற்சாலையும் வாசலில் கூட நிற்க விடாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் இரண்டு. முதலாளியம்மா போன பிறகு அவன் அங்கேயே நின்று கிராஃபை முறைத்தான். பிறகு, அறையின் மறுகோடியில் ஒன்றுமே நடக்காதது போல சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையை முறைத்தான்.

"தங்கச்சி, நான் பத்துதான் கலக்கறேன். அது எனக்குத் தெரியும். அப்ப மாறினது என்ன? சாயறவர்தானே?"

"அண்ணா, என்ன பேசற?"

"போன வருஷம் என் வீட்டுல விருந்துக்கு வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டேன், இதெல்லாம் ஒரு வேலையான்னு. விளையாட்டாத்தான் சொன்னேன். அதை மனசுல வச்சுக்கிட்டு மனுஷன் வேணும்னே இழுத்து இழுத்துச் சாயறார்."

எண்ணும் கருவி நின்றது. நாற்காலியின் நான்கு காலும் தரைக்கு வந்தன. சிம்மாசனம் மெதுவாகத் திரும்பினான்.

"மச்சான், என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. என் சாய்வைச் சொல்லாதீங்க. எட்டு வருஷமா ஒரே சாய்வு. ஒரு விரல் கூடக் குறைச்சல் கிடையாது."

"அப்ப என் கலவைதான் மோசம்கறீங்க?"

"நான் அப்படிச் சொல்லலை. கோடு சொல்லுது."

அன்றைக்கு அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவள் கிராஃபம்மா. அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் வேலையில் வஞ்சகம் செய்ய மாட்டான் என்றும் தெரியும். இரண்டு பேரும் யோக்கியர்கள் என்றால் கோடு ஏன் இறங்குகிறது? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் முகத்துக்கும் வயிற்றுக்கும் அவன் முடிச்சுப் போடுவதில்லை. மூன்று முட்டை, ஒரு பெரிய கிண்ணம் உருளைக்கிழங்கு, கடைசியில் பாத்திரத்தை வழித்தது என்று எல்லாம் வழக்கப்படி நடந்தது.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அவள் பழைய சோதனைத் தாள்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினோராவது மாதத்துத் தாள்களில் அவளுடைய கையெழுத்திலேயே, அவளுடைய குட்டு வெளிப்பட்டது.

மூன்று நாள். சராசரி 478, 495, 481. முன்னும் பின்னும் முந்நூற்று நாற்பது, முந்நூற்று முப்பத்தைந்து என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கையில் இந்த மூன்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி எங்கோ நின்றன. அவளுக்கு நினைவு வந்தது. அவளுடைய காகிதம் நானூற்று இருபதோடு முடிந்துவிடும். இந்த மூன்று புள்ளிக்கும் இடமில்லை. 'யாரோ தப்பாக எண்ணியிருப்பார்கள், விலகிய புள்ளியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை' என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மாதச் சராசரியிலிருந்தும் அவற்றை நீக்கிவிட்டிருந்தாள். விலகிய புள்ளியைக் கண்டால் ஏன் விலகியது என்று கேட்க வேண்டும். காகிதத்தில் இடமில்லை என்பது ஒரு காரணமா? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தாளின் கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 'சிம்மாசனம் பல் பிடுங்கிக்கொண்டு லீவு. ஊசி உட்கார்ந்தான்.'

ஊசி என்பவன் ஸ்டோர் கீப்பர். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு உடம்பு. அதே கலவை, அதே வார்ப்பு அச்சு, அதே அறை. உட்கார்ந்த ஆள் மட்டும் வேறு.

அவள் பார்வை தாளின் மேல் பக்கத்துக்குப் போனது. தேதி, தொகுதி எண், அறை வெப்பநிலை எல்லாம் கையால் எழுத வேண்டிய கட்டங்கள். ஆனால் நாலாவது கட்டத்தில் எழுதவே வேண்டியதில்லை. அச்சடித்தே இருந்தது: 'சுமை: 72 கிலோ.' எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று சிம்மாசனத்தை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். எழுபத்திரண்டு. தினமும் எழுதுவானேன் என்று அச்சுக்கே கொடுத்துவிட்டார்கள். தாள் தீர்ந்ததும் அதையே மறுபடி அடித்தார்கள். ஊசி உட்கார்ந்த மூன்று நாளும் கூட, அந்தத் தாள்களின்படி, எழுபத்திரண்டு கிலோதான்.

அவள் நிமிர்ந்து அறையின் மறுகோடியைப் பார்த்தாள். அவளுடைய புருஷன் சாய்ந்துகொண்டிருந்தான். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே ஒரு பென்சில் செருகக்கூட இடம் இல்லை. தினமும் பார்க்கிற உடம்பு என்பதால் இத்தனை நாளாக அவள் கண்ணில் படவே இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது. சாட்சி? 'என் புருஷன் குண்டாகிவிட்டார்' என்று சொன்னால், அண்ணனைக் காப்பாற்ற அவிழ்த்துவிடுகிறாள் என்பார்கள். மாதா மாதம் எவ்வளவு ஏறினான் என்று எண்ணாக வேண்டும். யார் நிறுத்தார்கள் இவனை? யோசித்துக்கொண்டே ஸ்டோருக்குப் போனாள்.

ஊசியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஸ்பேனரை எடுத்தாலும் பதிவேட்டில் தேதி, பெயர், காரணம் எழுதி கையெழுத்துப் போட்டால்தான் விடுவான். அவள் அந்தப் பதிவேட்டைப் புரட்டினாள். நடு விரல் ஓரிடத்தில் நின்றது. 'துளை போடும் கருவி – சிம்மாசனம் – சொந்த வேலை.' நாலு மாதம் கழித்து மறுபடியும். பிறகு மூன்று மாதம் கழித்து. மொத்தம் ஆறு தடவை.

"இந்தக் கருவியை வச்சு அவருக்கு என்ன சொந்த வேலை?"

ஊசி அசடு வழிந்தான். "பெல்ட்டுக்கு ஓட்டை போடத்தான் அக்கா. வீட்டுல சொல்லாதேன்னாரு."

வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் பெல்ட் தொங்கியது. கிராஃபம்மா அதை எடுத்து விரலால் தடவி எண்ணினாள். கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, நுனியை நோக்கி, கோணல்மாணலாக ஆறு. புருஷன் இரண்டாவது முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஒண்ணு கேட்பேன், கோவப்படக் கூடாது."

"கேளு."

அவள் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி உட்கார்ந்த மூன்று நாள், பதிவேடு, பெல்ட், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தேதி, அந்தத் தேதியின் சராசரி. வரைந்து வைத்திருந்த புதுக் கிராஃபையும் காட்டினாள். அவன் முகம் சிவந்தது.

"என் இடுப்பைக் கிராஃப் போட்டிருக்கியா?"

"அண்ணன் வேலை போகுதுங்க."

"என்னை வேணும்னே சாயறேன்னு சொன்ன மனுஷனுக்காக, ஊரையே கூட்டி வச்சு என் வயித்தைக் காட்டப் போறியா? எழுபத்திரண்டு கிலோன்னு சொல்லித்தான் இந்த வேலை. அது இல்லேன்னு தெரிஞ்சா நாளைக்கு நாற்காலியில என்னை விடுவாங்களா? எனக்கு வேற என்ன தெரியும்?"

அவன் சொன்னது உண்மை. ஒருவனைக் காப்பாற்றினால் இன்னொருவன் போகிறான். அவன் எழுந்து, பெல்ட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். தட்டில் ஒன்றரை முட்டை அப்படியே இருந்தது. இருபது மாதத்தில் அவன் மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதுவிட்டு, கிராஃபைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினோரு மணி. முதலாளியம்மா மேஜைக்குப் பின்னால். அண்ணன் சாவியைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக. ஊசி பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கதவுக்கு வெளியே, வேலை இருப்பது போலப் பாவனை செய்துகொண்டு பாதித் தொழிற்சாலை.

கிராஃபம்மா காகிதத்தை விரித்தாள். "அம்மா, முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். மூணு புள்ளியை ஒளிச்சு வச்சேன். அச்சைப் பாதியில ஆரம்பிச்சேன். இது புதுசு, பூஜ்யத்துலேருந்து."

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "என்னம்மா, கோடு ஒரேயடியா மேல போயிடுச்சு. ஒரு நாள்ல சரியாயிடுச்சா?"

"இல்லம்மா. அதே எண்தான். பார்வைக்குத்தான் அப்படி விழுந்த மாதிரி தெரிஞ்சது. கீழ படுத்திருக்கறது கிடை அச்சு. நிமிர்ந்து நிக்கறது நிலை அச்சு. நிலை அச்சுல எத்தனை சாய்வுங்கறது. கிடை அச்சுல இப்ப மாசம் இல்ல, வேற ஒண்ணு போட்டிருக்கேன்."

"என்ன?"

"ஓட்டை."

"ஓட்டையா?"

"பூஜ்யம் ஓட்டை, ஒரு ஓட்டை, ரெண்டு ஓட்டை... ஆறு வரைக்கும். ஓட்டை கூடக் கூட, சாய்வு குறையுது பாருங்க. ஏழு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல உட்காருது."

"எதுல ஓட்டை? நாற்காலியிலயா?"

"நாற்காலியில இல்லம்மா. ஒரு... தோல் சாமான்ல."

"யாரோட தோல் சாமான்?"

கிராஃபம்மா மென்று விழுங்கினாள். காலையில் அவன் எழுந்து போன முகம் கண் முன்னால் நின்றது. பெயரைச் சொன்னால் புருஷன் போச்சு, சொல்லாவிட்டால் அண்ணன் போச்சு. அண்ணன் சாவியை மேஜை மேல் வைக்கக் கையை நீட்டினான்.

அப்போது வெளியே இருந்த கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சிம்மாசனம் உள்ளே வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவி, சாவிக்குப் பக்கத்தில், மேஜை மேல் நீளமாகப் போட்டான்.

"இதுலதாம்மா."

கால்சட்டை கீழே இறங்குமோ என்று எல்லோருக்கும் ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. அது இறங்குகிற நிலைமையில் இல்லை.

முதலாளியம்மா பெல்ட்டைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் ஓட்டையாக விரலை விட்டு எண்ணினார். ஊசி பதிவேட்டைத் திறந்து தேதிகளை வாசித்தான். வாசித்துவிட்டு, "நான் அம்பத்தெட்டு கிலோம்மா. அதனாலதான் எனக்கு நானூத்தி எண்பதுக்கு மேல தாங்குச்சு" என்று யாரும் கேட்காததையும் சொன்னான்.

"ஓட்டையெல்லாம் சரி. இப்ப எவ்வளவு கிலோ?"

கலவைப் பிரிவிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம் மாப்பிள்ளை. ஏறாதீங்க. இத்தனை பேரு முன்னால..."

"நகருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு சிம்மாசனம் ஏறி நின்றான். தராசின் முள் ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, தொண்ணூற்று நாலில் நின்றது. வெளியே யாரோ விசில் அடித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள்.

முதலாளியம்மா பழைய கிராஃபையும் புதுக் கிராஃபையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புதுக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, ஏறுதா இறங்குதா என்பதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய கிராஃப்ல முதல் நாலு மாசப் புள்ளி சமமா இருக்கு. அஞ்சாவதுலேருந்துதான் இறங்குது. அந்த மாசம் என்ன நடந்துச்சு?"

"இவங்க கல்யாணம்மா" என்றான் ஊசி, பதிவேட்டைப் பார்க்காமலே.

எல்லாத் தலையும் கிராஃபம்மா பக்கம் திரும்பியது. முதலாளியம்மாவின் விரலும் திரும்பியது. "அப்ப நாற்காலி உடையறதுக்குக் காரணம் கலவையும் இல்ல, சாய்வும் இல்ல. நீ!"

கிராஃபம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படித்தது ஒன்றுதான் கைகொடுத்தது. "அம்மா, ரெண்டு விஷயம் ஒண்ணா மாறுதுங்கறதுக்காக, ஒண்ணுக்கு இன்னொண்ணு காரணம்னு சொல்லிட முடியாது! அந்த மாசம்தான் கூரை மாத்தினோம். புது வாட்ச்மேன் வந்தாரு. எது வேணும்னாலும்..."

"இல்லம்மா" என்றான் சிம்மாசனம், தராசை விட்டு இறங்காமலே. "மத்ததுல எப்படியோ தெரியாது. இந்த விஷயத்துல காரணம்தான்."

"ஏங்க, சும்மா இருங்க."

"இருக்கட்டும். ஆறு வருஷம் தனியா ஒரு அறையில இருந்தேம்மா. ராத்திரி ரெண்டு ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணி. அதைத் தின்னுட்டு சுவத்தைப் பார்த்துட்டுப் படுப்பேன். எழுபத்திரண்டு கிலோ எப்படிக் குறையாம இருந்தேன்னே தெரியலை. இப்ப வீட்டுக்குப் போனா எனக்காக ஒருத்தி தட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. போதும்னு சொல்லவே மனசு வரலை. அவ்வளவுதான்."

கதவுக்கு வெளியே விசில் சத்தம் இல்லை. கிராஃபம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளியம்மா தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் சரி. தாள்ல எழுபத்திரண்டுன்னு அடிச்சிருக்கு. எழுபத்திரண்டு கிலோதான் உட்காரணும். இருக்கற ஆளையெல்லாம் தராசுல ஏத்து."

ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அறுபத்தைந்து, எண்பத்தொன்று, எழுபது, ஐம்பத்தெட்டு. கடைசியில் மிச்சமிருந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவன் ஏறினான். முள் அசையாமல் எழுபத்திரண்டில் நின்றது.

முதலாளியம்மா சாவியை எடுத்து சிம்மாசனத்தின் கையில் வைத்தார். எண்ணும் கருவியை எடுத்து அண்ணனின் கையில் திணித்தார். "இவன் கலக்கட்டும், நீ சாய். போய் வேலையைப் பாருங்க."

அண்ணனின் பெயர் பிழைத்தது. வேலையும் பிழைத்தது. ஆனால் சிம்மாசனம் அன்று சாயங்காலம் சோதனை அறையைப் பூட்டும்போது, தன் நாற்காலி நின்ற இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எட்டு வருஷம். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அண்ணன் முதல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். வாசலில் நின்று பார்க்கையில் இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் இருக்கும். ஐம்பதாவது சாய்வில் அவன் கழுத்தைத் தேய்த்தான். நூற்று இருபதில் இடுப்பைப் பிடித்தான். இருநூறில், "இது எப்பத்தான் உடையும்?" என்று கேட்டான். முந்நூற்று ஐம்பதுக்கு மேல் பேசவே இல்லை, மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. குருணைத் தூள் அப்பிய சட்டையோடு சிம்மாசனம் ஏதோ கையெழுத்துக்காக வந்தவன், கதவருகில் நின்றுவிட்டான்.

டக்.

பின்கால் விட்டது. நாற்காலியும் அண்ணனும் சேர்ந்து மல்லாந்து தரையில் விழுந்த சத்தம் கலவைப் பிரிவு வரை கேட்டது.

"எத்தனை?" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்தபடி.

"நானூத்தி மூணு" என்றாள் கிராஃபம்மா. "உன் கலவை நல்ல கலவைதான் அண்ணா."

அவன் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, கதவருகில் நின்றவனைப் பார்த்தான். "மாப்பிள்ளை, ஒவ்வொரு நாற்காலிக்கும் இப்படித்தான் விழுவீங்களா?"

"ஆமா மச்சான்."

"எட்டு வருஷமா?"

"ஆமா."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடிபட்டதாலும் இருக்கலாம். "வேணும்னு எந்த மனுஷனும் இதைச் செய்ய மாட்டான். நான் சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

சிம்மாசனம் குனிந்து, இரண்டு கையையும் கொடுத்து மச்சானைத் தூக்கி நிறுத்தினான். முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான். பிறகு ஓரமாக அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு புது நாற்காலியை இழுத்து வந்து அவன் பின்னால் போட்டான்.

"உட்காருங்க மச்சான். இன்னும் நாலு இருக்கு."